வாராக் கடனும் வடைக் கணக்கும்

காலையில் லேப்டாப்பின் பட்டனை அமுக்குவேன். பிறகு பல் தேய்ப்பேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பேன். பேப்பரில் முதல் பக்கம், கடைசிப் பக்கம், ராசிபலன் மூன்றையும் முடிப்பேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் அந்தப் புள்ளிகள் இன்னமும் வட்டமாக ஓடிக் கொண்டிருக்கும். 108 சுற்று என்று எந்தக் கோவிலுக்கு வேண்டிக் கொண்டதோ!

என் ஆறு வயசு மகள் தினமும் கேட்பாள்.

"அப்பா, கம்ப்யூட்டர் முழிச்சுக்கிச்சா?"

"இல்லம்மா. இப்பதான் சோம்பல் முறிக்குது."

நான் பி.காம். நாலு கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து, மிச்ச நேரத்தில் இந்த மாதிரி ஏதாவது எழுதிப் பிழைக்கிறவன். இரண்டுக்கும் அந்த ஒரே லேப்டாப்தான். 2019-ல் வாங்கியது. "1 டி.பி. ஹார்ட் டிஸ்க் சார்!" என்று கடைக்காரர் சொன்னபோது, வீட்டோடு பின்பக்கம் இரண்டு கிரவுண்டு சேர்த்துக் கொடுத்த மாதிரி பூரித்துப் போனேன். விண்டோஸ் 11-க்கு மாறிய நாளிலிருந்து அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டும் என்றால் 19-ஆம் தேதியே பட்டனை அமுக்கிவிடுவது உத்தமம் என்கிற நிலைமை.

தெருமுனையில் ஒரு சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இருந்த தம்பி லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பார்மட் அடிச்சிடலாம் சார், பறக்கும்" என்றார்.

"உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம்?"

"அது போயிடும் சார்."

தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிடலாம், அப்புறம் வலிக்காது என்கிற வைத்தியம். நைஸாக லேப்டாப்பை வாங்கிக் கொண்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் என் மச்சினன் வருகிறான். மனைவியின் தம்பி. படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது பாங்க் வேலை, தெரிந்து வைத்திருப்பது கம்ப்யூட்டர். நம் ஊர் வழக்கப்படி எல்லாம் சரியாகவே இருக்கிறது.

"மாமா, மெஷின் மேல தப்பு இல்ல. டிஸ்க்குதான் ஸ்லோ. ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்க. இருக்கிற விண்டோஸ், டேலி, எல்லாத்தையும் அப்படியே அதுக்கு மாத்திடலாம். ஒரு ஃபைல் போகாது" என்றான்.

விஷயம் இதுதான். ஹார்ட் டிஸ்க் என்பது தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம். உள்ளே தட்டு ஒன்று சுற்றிக் கொண்டே இருக்கிறது. என்னுடையது நிமிஷத்துக்கு 5400 சுற்று. அதன் மேல் ஒரு கை, பழைய கிராமபோன் முள் மாதிரி, அங்கேயும் இங்கேயும் ஓடுகிறது. நாம் ஒரு ஃபைல் கேட்டால் கை சரியான வரிசைக்குப் போக வேண்டும், தட்டும் சுற்றி வந்து அந்த இடம் கைக்குக் கீழே வர வேண்டும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு செகண்டில் அறுபதில் ஒரு பங்கு ஆகும். அது ஒரு நேரமா என்று கேட்காதீர்கள். விண்டோஸ் எழுந்திருப்பதற்கு இந்த மாதிரி ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொரு மூலையிலிருந்தும் கேட்கிறது. போதாக்குறைக்கு அதே நேரத்தில் வைரஸ் பார்க்கிற புரொகிராம் ஒரு பக்கம், அப்டேட் ஒரு பக்கம் என்று ஆளாளுக்குக் கூப்பிட்டால் ஒற்றைப் பியூன் என்ன செய்வான், பாவம்!

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் சிப். எந்த மூலையில் இருந்தாலும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எடுத்துக் கொடுத்துவிடும். இதன் உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் மெமரியை 1980-களில் ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் இருந்த ஃபுஜியோ மசுவோகா என்கிற எஞ்சினீயர் கண்டுபிடித்தார். 1991-ல் சன்டிஸ்க் என்ற கம்பெனி (பிற்பாடு சான்டிஸ்க் ஆனது) ஐ.பி.எம்.முக்கு இப்படி ஒரு டிரைவ் செய்து கொடுத்தது. கொள்ளளவு 20 எம்.பி., விலை சுமார் 1000 டாலர். இன்றைக்கு உங்கள் மொபைலில் எடுக்கிற போட்டோவில் நாலைந்து போட்டால் நிரம்பிவிடும். இப்போதைய விலையை நான் சொல்லப் போவதில்லை. இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும்.

பி.காம். திமிரோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே நுழைந்தால் தெரு பூராவும் ஒயர், சார்ஜர், கேபிள். எதிரே வருகிறவர் மேல் இடிக்காமல் நடக்க முடிந்தால் நீங்கள் சர்க்கஸில் சேரலாம்.

"500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒண்ணு குடுங்க."

"எம்.2-வா, ரெண்டரை இஞ்ச்சா?"

"...?"

"எம்.2-ன்னா சாட்டாவா, என்.வி.எம்.ஈ.யா?"

காய்கறிக் கடையில் மனைவி சொல்லி அனுப்பின கீரையின் பெயரை மறந்துவிட்டு நிற்பவனின் முகம் எப்படி இருக்குமோ அப்படி நின்றேன். கடைக்காரர் நல்ல மனுஷன். "மாடல் நம்பர் என்ன சார்?" என்று கேட்டு, அந்த மாடலின் புத்தகத்தை மொபைலிலேயே எடுத்துப் பார்த்துச் சொன்னார். என் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் தவிர, எம்.2 என்கிற இன்னொரு பள்ளம் ஆறு வருஷமாகக் காலியாகவே கிடந்திருக்கிறது! வீட்டில் ஒரு ரூம் இருப்பதே தெரியாமல் ஹாலில் படுத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போனால் இதை மட்டும் மறக்க வேண்டாம். ரெண்டரை இஞ்ச் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உட்காரும். எம்.2 என்றால் சூயிங்கம் பட்டை மாதிரி, பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். பழைய டிஸ்க் பாட்டுக்கு அது இடத்திலேயே இருக்கலாம். ஆனால் எம்.2-வில் இரண்டு ஜாதி: சாட்டா, என்.வி.எம்.ஈ. முதலாவது செகண்டுக்கு 550 எம்.பி. வரை படிக்கும், இரண்டாவது சில ஆயிரம் எம்.பி. பார்வைக்கு அண்ணன் தம்பி போல் இருந்தாலும் ஒன்றின் பள்ளத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். புத்தகத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது உங்கள் ஐ.டி. டிபார்ட்மென்ட்டின் சொத்து, திறந்தால் உங்களைத்தான் முதலில் கழற்றுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்க்ரூ டிரைவரோடு தயாராக உட்கார்ந்தேன். மச்சினன் என் கையைப் பிடித்தான்.

"மாமா, அவசரப்படாதீங்க. மொதல்ல பழைய டிஸ்க்குக்கு உடம்பு எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச புரொகிராம். ஓட விட்டால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கிற மெடிக்கல் ரிப்போர்ட்டைக் காட்டும். நல்ல டிஸ்க்காக இருந்தால் நீலத்தில் 'குட்'. என்னுடையதற்கு மஞ்சளில் 'காஷன்'.

மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வரிசையாக விளக்கினான். டிஸ்க்கில் கெட்டுப் போன கட்டங்களுக்குப் பதிலாக உபயோகிக்க, கம்பெனியிலேயே கொஞ்சம் உபரிக் கட்டங்கள் வைத்திருப்பார்களாம். அதிலிருந்து எத்தனை எடுத்தாயிற்று என்பது ஒரு வரி. படிக்க முடியாமல் திணறிக் கொண்டிருக்கிற கட்டங்கள் இன்னொரு வரி. திருத்தவே முடியாதவை மூன்றாவது வரி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் பிரயோஜனம்! முதலாவது, சந்தேகக் கடனுக்கு ஒதுக்கீடு. இரண்டாவது, நிலுவை. மூன்றாவது, வாராக் கடன். அந்த மூன்று வரியிலும் பூஜ்யம் இல்லாத கம்பெனிக்கு நான் பத்து ரூபாய் கடன் கொடுக்க மாட்டேன். என் வீட்டுக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.

லேப்டாப் சோம்பேறித்தனத்தால் தூங்கவில்லை. முடியாமல் கிடந்திருக்கிறது. நான்தான் ஒரு வருஷமாக அதைக் கிண்டல் செய்து கொண்டிருந்தேன்.

"அப்படின்னா உடனே எஸ்.எஸ்.டி.க்கு மாத்திடலாமே?"

"ம்ஹூம். மாத்தறப்போ டிஸ்க்கை ஓரத்திலேருந்து ஓரம் வரைக்கும் படிக்கணும். நடுவுல உயிரை விட்டுதுன்னா? முக்கியமானதை மொதல்ல வெளியே எடுங்க."

ஓடிப்போய் 2 டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். டேலி கணக்கு முதலில். நாலு கடைக்காரர்களும் எனக்கு மாமியார் வீடு மாதிரி, பகைத்துக் கொள்ள முடியாது. அடுத்தது நான் எழுதினவை. அது ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிட்டது என்பதில் எனக்குச் சற்று வருத்தம். அப்புறம் போட்டோக்கள். மகள் பிறந்தது, மொட்டை போட்டது, காது குத்தினது. பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்து கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தேன். பட்டை ஒரே இடத்தில் நின்றது. டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். திரையில் ஒரு கட்டம்: டேட்டா எர்ரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்.

அந்த ஃபைலின் பெயரைப் பார்த்தேன். பெயர் என்ன, வெறும் தேதியும் நம்பரும்தான். ஆனாலும் எனக்குத் தெரியும்.

கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2017-ல் என் கல்யாணம். வீடியோக்காரர் மூன்று மணி நேரம் எடுத்துக் கொடுத்தார். எல்லாக் கல்யாண வீடியோவையும் போலவே அதில் ஒருத்தர் குரலும் கேட்காது. ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு. அப்பா வாயைத் திறந்து ஏதோ சொல்லுவார், உள்ளேயிருந்து டூயட் வரும்! ஆனால் பந்தி நேரத்தில் யாரோ மொபைலில் 46 செகண்ட் எடுத்திருந்தார்கள். அப்பா சமையல்காரரோடு வடைக் கணக்கில் சண்டை போடுகிறார். 'நாலு பந்தி, பந்திக்கு இத்தனை இலை, இலைக்கு ரெண்டு, அப்ப மிச்ச வடை எங்கய்யா?' என்று விரல் விட்டு எண்ணுகிறார். சமையல்காரர் தலையைச் சொறிகிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

2021 மே மாதம் அப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடாத நேரம் அது. அவர் குரல் என்று என்னிடம் இருப்பது அந்த 46 செகண்ட்தான். அதை நான் தினமும் போட்டுப் பார்த்ததில்லை. இருக்கிறது என்கிற தைரியத்தில் இருந்தேன்.

திரையில் இரண்டு பட்டன். 'மறுபடி முயற்சி', 'தாண்டிப் போ'. நான் மறுபடி முயற்சியை அமுக்கினேன். டிக். இன்னொரு தடவை. டிக், டிக். மூன்றாவது தடவை அமுக்கப் போனபோது மனைவி மௌஸை என் கையிலிருந்து எடுத்தாள்.

"என்னங்க, பரீட்சையில் தெரியாத கேள்விகிட்டயே உட்கார்ந்திருந்தா மத்த மார்க்கும் போயிடும். மொதல்ல தெரிஞ்சதை எழுதுங்க. இதுக்கு அப்புறம் வரலாம்."

தாண்டிப் போ.

மச்சினன் பிறகு சொன்னான், நிபுணர்களும் அப்படித்தானாம். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் வழித்து எடுத்துவிட்டு, கெட்ட இடத்தோடு கடைசியில்தான் மல்லுக்கட்ட வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டினால் மிச்சமிருக்கிற ஆயுளும் அதிலேயே போய்விடும். மனைவி படித்தது தமிழ் இலக்கியம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விடிகாலையில் காப்பி முடிந்தது. எடுக்க முடியாமல் போனது மூன்றே ஃபைல். இரண்டு, ஏதோ சினிமா. மூன்றாவது அது.

அடுத்த ஞாயிறுதான் ஆபரேஷன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்றினோம். 11 ஸ்க்ரூ, அதில் நீளம் வேறே வித்தியாசம். எது எங்கிருந்து வந்தது என்று குழம்பாமல் இருக்க மனைவி இட்லித் தட்டைக் கொண்டு வந்தாள். குழிக்கு ஒன்று, கழற்றின வரிசையில்! எந்தக் கம்பெனியும் இதைவிட நல்ல சாதனம் கண்டுபிடித்ததில்லை. உள்ளே பாட்டரியின் ஒயரை முதலில் கழற்றினோம். எஸ்.எஸ்.டி.யைச் சாய்வாகச் செருகி, அமுக்கி, ஒரு பொடி ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும். அந்த ஸ்க்ரூவைத் தவிர எல்லாம் இருந்தது. டப்பாவிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. இறுக்காவிட்டால் பட்டை ஸ்பிரிங் மாதிரி தூக்கிக் கொண்டு நிற்கிறது. மச்சினன் பைக்கில் போய் 20 ரூபாய்க்கு நாலு ஸ்க்ரூ வாங்கி வந்தான். ஒன்று போட்டு மிச்சம் மூன்று பூஜை அலமாரியில் இருக்கிறது.

இனிமேல்தான் குளோனிங். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிற சி டிரைவையும், அதை எழுப்பி விடுகிற சின்னச் சின்னப் பகுதிகளையும் அச்சாகப் புது டிஸ்க்கில் வார்ப்பது. இலவசமாகவே குளோன்ஜில்லா என்று ஒன்று இருக்கிறது, எஸ்.எஸ்.டி. விற்கிற கம்பெனிகள் பலவும் தங்கள் டிரைவுக்கென்று இலவசமாக ஒன்று கொடுக்கின்றன. எதுவானாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சோர்ஸ் எது, டார்கெட் எது?

இதில் மாற்றிச் சொன்னீர்களோ, தொலைந்தது. டார்கெட் என்று எதைச் சொல்கிறீர்களோ அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். காலி டிஸ்க்கின் காலியை, நிறைந்த டிஸ்க்கின் மேல் கர்ம சிரத்தையாகக் காப்பி எடுத்துக் கொடுத்துவிடும். திரையில் 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்று இரண்டு பெட்டி. என் விரல் 'டிஸ்க் 1' மேல் இருந்தது. புதிதாகச் சேர்த்ததுதானே, 1-ஆகத்தானே இருக்கும்?

"நில்லுங்க," என்றாள் மனைவி. "சைஸைப் படிங்க."

"டிஸ்க் 0... 465 ஜி.பி. டிஸ்க் 1... 931."

"931-தான் பழசு."

புதுசு வந்ததும் 0-வில் போய் உட்கார்ந்து கொண்டு, பழசை 1-க்குத் தள்ளியிருக்கிறது. ஆபீஸில் புது மானேஜர் வருகிற மாதிரி! நம்பரை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். 500 வாங்கினால் 465, 1 டி.பி. வாங்கினால் 931 என்று காட்டுவது மோசடி இல்லை. விற்கிறவர் 1000-த்தால் அளக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் அளக்கிறது. சின்னப் படி, பெரிய படி.

சி டிரைவில் உபயோகத்தில் இருந்தது 140 ஜி.பி.தான். 465-க்குள் தாராளமாக அடங்கியது. நல்ல வேளையாகக் கெட்ட கட்டங்கள் எல்லாம் டி டிரைவ் பக்கம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. உடனே பட்டனை அமுக்கப் போனேன், மறுபடி கையைப் பிடித்தான் மச்சினன். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விண்டோஸ், ஒரே அடையாளம். இரட்டைப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெயர் கூப்பிட்டால் யார் எழுந்திருப்பார் என்று தெரியாது. முதல் தடவை எழுப்பும்போது பழசைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கழற்றினோம்.

பட்டன். நீலத் திரையில் 48 இலக்க நம்பர் ஒன்றைக் கேட்டது! புது மாடல்களில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கக் கூடுமாம். உள்ளே மாற்றம் செய்தால் யாரோ திருடன் என்று நினைத்துச் சாவி கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். மச்சினன் முதல் நாளே அதை எடுத்து என் டைரியில் எழுத வைத்திருந்தான், 'எதுக்குடா இது' என்று நான் முணுமுணுத்துக் கொண்டே எழுதினேன். இப்போது பூஜை மந்திரம் மாதிரி அவன் படிக்க, நான் அடித்தேன்.

மறுபடி பட்டன். 16 செகண்ட். என் டெஸ்க்டாப், அதே குப்பை, அதே இடத்தில். டேலியைத் தட்டினேன், அதுவும் திறந்தது. மகள் கை தட்டினாள். "முழிச்சுக்கிச்சு!"

இரண்டு நாளில் ஒரு நஷ்டமும் தெரிந்தது. முன்னெல்லாம் 'கம்ப்யூட்டர் ஆன் ஆகிட்டிருக்கு' என்று சொல்லிக் காலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிடுவேன். இப்போது அந்தச் சாக்கு போச்சு. காய் நறுக்குகிறேன்.

பழைய டிஸ்க்கை யாரும் பார்மட் அடிக்கவில்லை. அதை மச்சினன் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். லினக்ஸில் டி.டி.ரெஸ்க்யூ என்று ஒரு புரொகிராம். அது கெட்ட டிஸ்க்கின் முழு நகலையும் வெளி டிஸ்க்கில் எழுதும். முடியாத இடத்தைக் குறித்து வைத்துக் கொண்டு நகர்ந்து, கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். இரண்டு ராத்திரி ஓடியது. மூன்றாம் நாள் பென் டிரைவோடு வந்தான்.

"மாமா, கொஞ்சம் வந்திருக்கு."

போட்டோம். அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு, காதில் பேனா. 'நாலு பந்தி... பந்திக்கு இத்தனை இலை...' விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். 19-ஆவது செகண்டில் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்திருக்கிறது. விரல் மூன்றில் நிற்கிறது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாராக் கடன் என்றால் என்ன என்று பரீட்சைக்காக ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.

ராத்திரி பத்தரை மணிக்கு மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த வீடியோவை நீங்களா எடுத்தீங்க?"

"இல்ல. யாரோ வாட்ஸ்அப்பில் போட்டாங்க. குரூப்ல."

"அப்ப குரூப்ல இருந்தவங்க எல்லாருக்கும் வந்திருக்கும்ல?"

குரூப்பில் இருந்த எல்லாரும் என்னைப் போல் புத்திசாலிகள். போனை மாற்றியிருப்பார்கள், இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்திருப்பார்கள். ஒரே ஒருத்தரைத் தவிர. கும்பகோணத்து அத்தை. அப்பாவின் தங்கை. தினம் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவில் பனித்துளி வைத்துக் குட்மார்னிங் அனுப்புகிற அத்தை. போன தீபாவளிக்கு அவர் போனைப் பார்த்துவிட்டு நான் தலையில் அடித்துக் கொண்டேன். "அத்தை, எட்டாயிரம் படம் இருக்கு! குட்மார்னிங்கையெல்லாம் எதுக்கு வெச்சிருக்கீங்க? டெலிட் பண்ணுங்க." அத்தை போனைப் பிடுங்கிக் கொண்டார். "எல்லாம் யாரோ அன்பா அனுப்பினது தம்பி. அழிக்கறதாவது!"

போன் செய்தேன். இந்த நேரத்தில் போன் வந்தால் அந்தக் காலத்து மனுஷிக்கு என்ன தோன்றும் என்று நினைக்கவில்லை. "யாருக்கு என்னடா ஆச்சு?" என்றுதான் ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்ல அத்தை. கல்யாணத்துல அப்பா வடைக்குச் சண்டை போட்டாரே, அந்த வீடியோ உங்ககிட்ட..."

"ஏன், உங்கிட்ட இல்லியா?"

நான் பதில் சொல்லவில்லை.

"எங்கிட்ட இருக்குப்பா. அண்ணன் நெனப்பு வந்தா பார்ப்பேன். போன வருஷம் போன் மாத்தறப்போகூட கடைக்காரப் பையன்கிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன். பழசுல இருக்கிறது ஒண்ணு குறைஞ்சாலும் புதுசு வேண்டாம், காசைத் திருப்பிக் குடுன்னு. மூணு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்து, ஒவ்வொண்ணா சரி பார்த்துத்தான் வாங்கினேன். இரு, தேடறேன்."

இருபது நிமிஷம் கழித்து வந்தது. 46 செகண்டும். வாட்ஸ்அப்பில் அமுக்கினதால் கொஞ்சம் மங்கல். குரல் நன்றாகக் கேட்டது. 'அப்ப மிச்ச வடை எங்கய்யா?' சமையல்காரர் தலையைச் சொறிந்தார். பின்னால் சிரிக்கிறவர் யார் என்று இந்தத் தடவை கவனித்துக் கேட்டேன். அத்தை.

புது எஸ்.எஸ்.டி.யில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, மச்சினன் வீட்டில் ஒன்று என்று அன்றைக்கே போட்டாயிற்று. எஸ்.எஸ்.டி.யை மட்டும் நம்பக் கூடாதாம். அது 'டிக்... டிக்...' என்று இருமிக் காட்டாமல், ஒரு நாள் சத்தமில்லாமலே கண்ணை மூடிவிடக் கூடியது. அதில் தவறுதலாக அழித்ததைத் தோண்டி எடுப்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம். அழித்த இடத்தை அதுவே பெருக்கிச் சுத்தம் செய்துவிடும். பழைய டிஸ்க், தேதி எழுதி ஒட்டி, பீரோவில் பட்டுப் புடவைக்குக் கீழே இருக்கிறது.

பதினொன்றேகாலுக்கு அத்தையிடமிருந்து இன்னொரு மெசேஜ். ரோஜாப்பூ, பனித்துளி, குட்மார்னிங். ராத்திரி பதினொன்றேகாலுக்கு! வீடியோ தேடும்போது கை பட்டிருக்கும்.

அதையும் சேமித்து வைத்திருக்கிறேன்.